நாய் போய் நின்ற வீடு

பாப்பா,

விரல்ரேகைப் பிரிவில் எஸ்.ஐ.யாகப் போகிறவளை இந்த மனுஷன் இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிறாரே என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நானும் 'சாப்பிட்டியா' என்று பேச்சை மாற்றி நழுவிவிடுவேன். போன புதன்கிழமை காலையில் மதுரை ஜங்ஷனில், ரயில் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்: "அப்பா, டைனா ஒரு தடவையாச்சும் தப்பா மோப்பம் பிடிச்சிருக்கா?" நீ சும்மா கேட்டாய். "இல்ல தாயி, டைனா தப்பே பண்ணினதில்ல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உன் கையில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தது. சொன்னது பொய்யில்லை. டைனா தப்பு பண்ணவில்லை, பண்ணினது நான். அதை எழுத இன்றைக்குக் கை வருகிறது. ஏனென்றால் வியாழக்கிழமை நான் போய்ச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாடா என்று இருக்கிறது. இந்த நாலைந்து நாளாக நான் குறட்டை விடும் சத்தத்தில் தன்னால் தூங்க முடியவில்லை என்கிறாள் உன் அம்மா.

உனக்கு டைனாவை நினைவிருக்கும். நான் நாய்ப் பிரிவில் இருந்தபோது என் கையில் வளர்ந்த டாபர்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். உனக்கு அப்போது ஏழு வயது. உன் கைக்குட்டையை எங்காவது ஒளித்து வைப்பாய், டைனா போய் எடுத்து வரும். ஒரு நாள் நீ அதை வாளிக்கு அடியில் வைத்து, மேலே ஈரச் சாக்கையும் போட்டு மூடினாய். டைனா ஒரு நொடி உன் முகத்தைப் பார்த்தது, நேரே போய் வாளியைத் தட்டியது. நீ அழுதாய். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அது மூக்கால கண்டுபிடிக்கல பாப்பா. நீ வாளியவே பாத்துக்கிட்டு நின்ன. உன் கண்ணப் பாத்துக் கண்டுபிடிச்சிருச்சு." இதை நீ மறந்திருக்கலாம். நான் சொல்ல வந்தது என்னவென்றால், நாய்க்கு மனுஷன் முகத்தைப் படிக்கத் தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

உனக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, சமயநல்லூர் தாண்டி ஓர் ஊரில் ஒரு வீடு உடைக்கப்பட்டது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். பின்கதவை நெம்பித் திறந்து, பீரோவில் இருந்த நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கையைத் துடைத்த துணி ஒன்று தரையில் கிடந்தது. என்னையும் டைனாவையும் வரச்சொன்னார்கள். ஜீப்பை விட்டு இறங்கும்போதே அன்றைக்கு இருந்த இன்ஸ்பெக்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டு காதோடு சொன்னார்: "தங்கவேலுன்னு ஒருத்தன், மோட்டார் காயில் கட்டுறவன். போன வாரம்தேன் இந்த வீட்டுக்குள்ள வந்து மோட்டாரு பாத்திருக்கான். ஆளு முழியே சரியில்ல. மூணாவது தெரு, பச்சைக் கேட்டு." முகத்தையும் மண்டையையும் அளந்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பழைய கொள்கை இருந்ததாகவும், அதைக் குப்பையில் போட்டு ரொம்பக் காலமாகிறது என்றும் நீ பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்குச் சொன்னாயே, அந்த மனுஷன் அதைப் படிக்காமலே கடைப்பிடித்தவர். அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் சொன்னது என் காதில் விழுந்தது, அதை வெளியே தள்ள எனக்குத் துப்பில்லை.

டைனாவுக்குத் துணியைக் காட்டினேன். பின்கதவு வழியாக ஓடியது, சந்துக்குள் புகுந்து, மெயின் ரோட்டுக்கு வந்தது. அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நின்று மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ரோட்டையே பார்த்து நின்றது. கூட்டத்தில் ஒருத்தன், "என்ன சார், நாய் பஸ்ஸுக்கு நிக்குதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' அந்த வரியைப் படித்துப் படித்து எங்கள் பிரிவில் எல்லோருக்குமே ஒரு வெறுப்பு இருந்தது. ஆபீசில் மற்றவர்கள் அதைச் சத்தமாகவே படித்துக் காட்டுவார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டைனாவை இழுத்துக்கொண்டு திரும்பவும் வீட்டுக்கே வந்தேன். மறுபடியும் துணியைக் காட்டினேன். இந்த முறை ஊருக்குள் போகிற பக்கமாக நானே நடையைக் கட்டினேன். மூன்றாவது தெரு முனையில் என் கால் தானாக மெதுவாயிற்று. பச்சைக் கேட்டுக்கு நேராக வந்ததும் கயிற்றைப் பிடித்த கை தளர்ந்தது. டைனா நின்றது. தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தது பாப்பா. பார்த்துவிட்டு அந்தக் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து குரைத்தது. கூட்டம் 'ஹோ' என்று கத்தியது. நான் டைனாவின் தலையைத் தடவி, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

தங்கவேலை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். விசாரித்தார்கள் என்று நான் எழுதினால் அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். பீரோக் கதவில் கிடைத்த ரேகை அவருடையது இல்லை என்று உங்கள் பிரிவு சொன்ன பிறகு அனுப்பிவிட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. டைனா அங்கே நின்ற அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாய் ரோட்டுக்குத்தேன் போச்சுன்னு அந்த அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். "சொன்னா என்னைய மெமோ குடுத்து மூலையில உக்கார வச்சிருவாங்க" என்றேன். "அந்தாளுக்கும் பொண்டாட்டி பிள்ள இருக்கும்ல?" என்று கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, எடுத்திருந்தால் சண்டை போட்டாவது தொலைத்திருப்பேன்.

நாலு வருஷம் கழித்து வேறு மாவட்டத்தில் ஒருவன் மாட்டினான். அவன் ரேகையும் அந்தப் பீரோக் கதவில் எடுத்த ரேகையும் ஒன்று. கேட்டதும் ஒத்துக்கொண்டான். மெயின் ரோட்டில் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தியிருந்ததாகவும், நகையோடு அதில் ஏறிப் போய்விட்டதாகவும் சொன்னான். விரல்ரேகைப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் கேண்டீனில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னார். "ஒங்க நாய் கெட்டிக்கார நாய்ண்ணே, கரெக்டா பைக் நின்ன எடத்துல போய் நின்னிருக்கு" என்று என்னைப் பாராட்டினார். அந்த டீயை நான் குடித்து முடிக்கவில்லை. நகை பறிகொடுத்த குடும்பத்துக்கு ஸ்டேஷனில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் அதற்குள் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகனோடு போய்விட்டார்கள். தங்கவேலுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஃபைலில்தான் அவர் பெயரே இல்லையே! கோர்ட்டுக்குப் போயிருந்தாலாவது விடுதலை என்று கையில் ஒரு தாள் கிடைத்திருக்கும். குற்றம் சாட்டப்படாத மனுஷனுக்கு விடுதலை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. தெரிந்தவன் நான் ஒருத்தன். நானும் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன பிறகும் மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த மெமோவும் வராது என்று தெரிந்த பிறகும்.

நீ பரீட்சைக்குப் படித்த மாதங்களில், நம் ஆனையூர் வீட்டு அடுப்படியில் நான் பூண்டு உரிக்க, நீ படித்ததை எனக்குப் பாடம் எடுப்பாய். குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும், செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், காவலுக்கு ஆளில்லாத நேரம் என்றாய். பூட்டிக்கிடந்த அந்த வீட்டை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். இன்னொரு நாள் முத்திரை குத்தும் கோட்பாடு வந்தது. ஒருத்தனைத் திருடன் திருடன் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அவன் அந்தப் பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுவான் என்று விளக்கினாய். அடுத்த பக்கத்தில், துப்பறிகிறவன் முன்கூட்டியே ஒரு முடிவை மனதில் வைத்துக்கொண்டு போனால் அவன் கண்ணுக்கு அதற்குத் தோதான தடயம் மட்டும்தான் தெரியும் என்று இருந்தது. கத்தி வெட்டிவிட்டதாகச் சொல்லி நான் எழுந்து போனேனே, கத்தி வெட்டவில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். மகள் முன்னால் சின்னவனாகிவிடுவேனோ என்று பயம், அவ்வளவுதான். நீ ரயிலேறிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. நாளைக்கு இவள் ஒரு ரேகையைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லப்போகிறாள், ஒரு மனுஷன் வாழ்க்கை அதில் தொங்கும், இவளுக்குச் சொல்லாமல் நான் யாருக்குச் சொல்லப்போகிறேன் என்று தோன்றியது. உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்வதுதான் முறை என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். பச்சைக் கேட் இப்போது நீலமாகியிருந்தது. வாசலில், தெருவோரமாக ஒரு தகரக் கொட்டகை. தங்கவேல் ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து, "எந்த மோட்டாருங்க?" என்றார். நான் யார் என்று சொன்னேன். கம்பி சுற்றுகிற கை நின்றது. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன், வேப்பமரத்தில் ஆரம்பித்துக் கேண்டீன் டீ வரைக்கும். உள்ளே இருந்து அவர் மனைவி செல்வி வந்துவிட்டார். நான் முடிக்கவும் அவர் ஆரம்பித்தார்: "இம்புட்டு வருசம் எங்கய்யா போயிருந்தீக? இந்த மனுசன ஒருத்தராச்சும் வீட்டுக்குள்ள விட்டாகளா? மோட்டாரக் கழட்டித் தெருவுக்குத் தூக்கியாந்து குடுப்பாக. பழுது பாத்ததும் தெருவுலயே வாங்கிட்டுப் போவாக. குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட வாசல்ல வச்சுத்தேன் குடுப்பாக. தொத்து வியாதிக்காரங்க மாதிரி எங்கள ஒதுக்கி வச்சாகய்யா!" உன் புத்தகத்தில் இருக்கிற முத்திரைக் கோட்பாடு இவரிடம் தோற்றுப்போனது, பாப்பா. பதினோரு வருஷம் ஊர் சொல்லியும் இவர் திருடனாகவில்லை. வாசலில் உட்கார்ந்து மோட்டார் காயில் சுற்றினார்.

தங்கவேல் மனைவியைக் கையமர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இத எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?" எனக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் என்றேன். "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ல? எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? ஊருக்குச் சொல்லுங்க" என்றார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகள் கார்த்திகாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உன் வயதுதான், ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருக்கிறது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிப்பதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஊருக்கு வந்து டீக்கடையில் விசாரிப்பார்கள். இந்த ஊர் டீக்கடையில் இரண்டு முறையும் ஒரே பதில்தான். 'நல்ல குடும்பம்தேன். ஆனா ஒரு தடவ போலீஸ் நாய் அந்த வீட்டுல போய் நின்னுச்சு.' யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. இப்போது திருமங்கலத்தில் இருந்து ஒரு நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருகிறார்களாம். செல்வி சொன்னார்: "இதுவும் போச்சுன்னா எம்மக இனிமே யாரையும் பாக்கச் சம்மதிக்க மாட்டேன்னுட்டா."

டீக்கடையில் கூட்டம் சேரும் நாலு மணிக்கு நானும் தங்கவேலும் போனோம். உத்தியோகத்தில் எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவன் நான், அன்றைக்கு இரண்டு தடவை செருமிக்கொண்டேன். "அண்ணே, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்று ஆரம்பித்து, அன்றைக்கு நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்தான் என்றும், அது இவர் வீட்டுக்குப் போகவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றும், உண்மையான திருடன் பிடிபட்டு ஏழு வருஷமாகிறது என்றும் சொன்னேன். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "அதெப்படிண்ணே? மனுசன் பொய் சொல்லுவான், நாயி சொல்லுமா?" என்றார். இன்னொருத்தன், "கல்யாண நேரமாப் பாத்துச் சாரு வந்திருக்காரு. எம்புட்டுக் குடுத்தாகளோ" என்று முனகினான். பார்த்தாயா? என் வாக்குமூலத்தைவிட என் நாயின் வாக்குமூலத்தில்தான் அவர்களுக்கு நம்பிக்கை. எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது.

அந்தக் கடையைச் சுற்றி மணி என்று ஒரு செவலை நாய் திரியும். கடைக்காரரிடம் இரண்டு பிஸ்கட் வாங்கினேன். கையில் ஒன்றை வைத்து மூடி இரண்டு தடவை கொடுத்துப் பழக்கினேன். பிறகு எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இரண்டிலும் ஒன்றுமில்லை. "இப்ப ரெண்டு கையையும் மூடுறேன். எந்தக் கைக்கு அது போகணும்னு அண்ணன் எங் காதுல மட்டும் சொல்லுங்க" என்று அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அவர் இடது என்றார். மூடிய இரண்டு கையையும் மணிக்கு முன்னால் நீட்டி, தலையைத் திருப்பி இடது கையைப் பார்த்தேன், அவ்வளவுதான். மணி என் முகத்தைப் பார்த்தது, இடது கையில் வந்து மூக்கை வைத்தது. அடுத்து வலது என்றார். வலது கையில் வந்து வைத்தது. மூன்றாவது தடவை ஏமாந்த கோபத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு போய் அடுப்படியில் படுத்துவிட்டது, அது வேறு விஷயம். "கையில ஒன்னுமே இல்லையேண்ணே, எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். பெரியவர் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "நீரு பாத்தீரு, அது வந்துச்சு" என்றார். "அன்னைக்கும் அதேதேன்" என்றேன். அவர் எழுந்து தங்கவேல் பக்கத்தில் போய் நின்றார். "எங்க வீட்டு மோட்டாரு ரெண்டு நாளா இரையுது. சாயந்தரம் வந்து உள்ள பாத்துட்டுப் போப்பா" என்றார். தங்கவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமாக இல்லை.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. காலையிலேயே போய் அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். வேண்டாம் என்று உன் அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன், அவள் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பதினோரு மணிக்கு ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். டீ சொல்லிவிட்டு, அந்தத் தெரு எது, இந்தத் தெரு எது என்று சுற்றி வளைத்து, கடைசியில் தங்கவேல் வீட்டுப் பேச்சுக்கு வந்தார்கள். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தங்கமான குடும்பம்ங்க. ஒரு தடவ போலீஸ் நாய் அந்த வீட்டுல போய் நின்னுச்சு." எனக்கு உயிரே போய்விட்டது. அவர் டீயை நீட்டிவிட்டுத் தொடர்ந்தார்: "இத நான் சொல்லாட்டி வேற யாராச்சும் சொல்லுவாங்க, அதான் சொல்றேன். அது தப்பா நின்னுச்சு. தப்பு நாய் மேலயும் இல்ல, அவரு மேலயும் இல்ல. இந்தா உக்காந்திருக்காரே, இவரு மேலதேன். நீங்களே கேட்டுக்கங்க." வந்தவர்களில் மூத்தவர், மாப்பிள்ளையின் தாய்மாமன், என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன். "சாருக்கு அவுக என்ன வேணும்?" என்று கேட்டார். "ஒறவு ஒன்னும் இல்லீங்க. அவருக்குக் கெடுதல் பண்ணினவன்" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்து, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்றுச் சாயங்காலம் தங்கவேல் போன் பண்ணினார். சரி என்றுவிட்டார்களாம். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டு, சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பதினோரு வருசத்துக்கு முந்தியே நான் சொன்னேன்." சொன்னாள்தான். அவள் பேச்சைக் கேட்காத தப்புகளைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுத வேண்டும், அதற்கு ஒரு நோட்டே தேவைப்படும்.

உனக்கு நான் சொல்வது இதுதான், பாப்பா. ரேகையைக் கொண்டுவந்து உன் மேஜையில் வைக்கிற ஆள், தோளில் கை போட்டுக்கொண்டு ஏதாவது சொல்ல வருவார். நல்லவராகவே இருப்பார், அவசரத்தில் இருப்பார். 'இவன்தாம்மா, நீங்க பாத்து உறுதிப்படுத்திக் குடுத்தாப் போதும்' என்பார். பார்த்து முடிக்கும்வரை எதையும் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள். கோபித்தாலும் பரவாயில்லை. 'ஒன்றும் பிடிபடவில்லை' என்று எழுத வேண்டி வந்தால் வெட்கப்படாமல் எழுது. ஒரு சிரிப்புக்கும் பேப்பரில் வருகிற ஒரு வரிக்கும் பயந்து நான் செய்ததை நீ செய்துவிடாதே. அப்படியும் ஒரு நாள் செய்துவிட்டால், மறுநாளே போய்ச் சொல்லிவிடு. மறுநாள் சொல்வதுதான் எளிது, ஒவ்வொரு வருஷமும் அது கஷ்டமாகிக்கொண்டே போகிறது.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கார்த்திகா. அப்பாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு தனியாக வந்திருக்கிறாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் வேணாம்மா, நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். அவள் உட்காரவில்லை. "நன்றி சொல்ல வரல சார். அவங்க எங்களப் பத்தி விசாரிச்சுட்டாங்க. அவங்களப் பத்தி எங்க வீட்டுல யாரும் போய் விசாரிக்கல. இடம் கூடி வந்ததே போதும்னு அப்பாவும் அம்மாவும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. நீங்க போய் விசாரிச்சுட்டு வாங்க" என்றாள். நானா என்றேன். "நீங்கதேன். இனிமே நீங்க தப்புப் பண்ண மாட்டீங்கன்னு நினைக்கிறேன்" என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டினாள். ஒரு பெயரும் ஒரு தெருவும் மட்டும் அதில் இருந்தது.

பையன் என்ன வேலை, ஆள் எப்படி, அவர்களைப் பற்றி இதுவரை என்ன கேள்விப்பட்டீர்கள் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள். "எங்க லேப்ல ரத்தம் வர்ற டியூப்புல பேரு இருக்காது சார், நம்பர்தான் இருக்கும். நாங்க என்ன கேள்விப்பட்டோம்கிறத உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். நீங்களாப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நாளைக் காலை திருமங்கலம் பஸ்ஸில் போகிறேன்.

உன் அப்பா